கப்பல் பயணத்தில் ரூம் சர்வீஸ் கட்டணமும் டிப்ஸும்: முதல் முறை போகிறவர்களுக்கு

போன வருடம் சிங்கப்பூரிலிருந்து நான்கு இரவு கப்பல் பயணம் போனோம். நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா என ஐந்து பேர், இரண்டு கேபின். டிக்கெட் பணம் முழுவதும் கட்டியாகிவிட்டது, சாப்பாடு அதிலேயே அடக்கம், இனி செலவு என்றால் கரையில் இறங்கும்போதுதான் என்று நினைத்திருந்தேன். மூன்றாம் நாள் இரவு கேபின் டிவியில் எங்கள் கணக்கைத் திறந்தேன். திரை கொள்ளாத அளவுக்கு வரிகள். அதில் பதினைந்து, தினசரி டிப்ஸ்: ஐந்து பேர், மூன்று நாள். அதற்கும் கீழே ரூம் சர்வீஸ் என்று எட்டு வரிகள். அந்த எட்டு ஒவ்வொன்றோடும் ஒட்டிக்கொண்டு ஒரு சர்வீஸ் சார்ஜ்.

எட்டில் ஆறு, தேவையே இல்லாமல் கட்டியவை. யாரும் எங்களை ஏமாற்றவில்லை. எல்லாம் எங்கேயோ பொடி எழுத்தில் இருந்தது, நாங்கள் படிக்கவில்லை. நீங்கள் அந்தப் பணத்தை மிச்சம் பிடிக்க வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். அதோடு, மிச்சம் பிடிக்கக் கூடாத பணமும் ஒன்று இருக்கிறது. அதையும் சொல்கிறேன்.

உதாரணத்துக்கு ராயல் கரீபியன் என்ற கப்பல் கம்பெனியின் கணக்கைத்தான் அதிகம் எடுத்திருக்கிறேன். சிங்கப்பூரிலிருந்து நம்மவர்கள் அதிகம் ஏறும் கப்பல்களில் அவர்களுடையதும் உண்டு. தொகைகள் அவ்வப்போது ஏறும், அதனால் நீங்கள் புக் செய்யும் அன்று கம்பெனி தளத்தில் ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

1. டிக்கெட் விலையைப் பார்க்கும்போதே டிப்ஸையும் கூட்டுங்கள்

பெரிய கப்பல் கம்பெனிகள் பெரும்பாலும் ஆளுக்கு, நாளுக்கு இவ்வளவு என்று டிப்ஸைத் தானாகவே உங்கள் கணக்கில் ஏற்றிவிடும். ராயல் கரீபியனில் சாதாரண கேபினுக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு 18.50 டாலர், சூட் (வசதி அதிகமுள்ள பெரிய அறை) எடுத்தால் 21 டாலர். நார்வீஜியன் கம்பெனியில் 20 டாலர், சூட் என்றால் 25 டாலர். எல்லாம் அமெரிக்க டாலர். சிங்கப்பூரில் ஏறுகிறோம் என்பதால் சிங்கப்பூர் டாலர் என்று நினைத்துவிடாதீர்கள்.

ஐந்து பேர், நான்கு இரவு, 18.50 வீதம் போட்டால் 370 டாலர். டாலரை 90 ரூபாய் என்று வைத்தால் 33,300 ரூபாய். சீசன் இல்லாத நாட்களில் இந்தத் தொகை ஒருவருடைய டிக்கெட் விலையை எட்டிப்பிடிக்கும். "பிள்ளைகளுக்கு டிக்கெட் இலவசம்" என்ற சலுகையில் போனாலும் பிள்ளைகளின் டிப்ஸ் இலவசம் ஆகாது. ராயல் கரீபியனில் குழந்தைக்கும் பெரியவருக்கும் ஒரே தொகைதான். கார்னிவல் கம்பெனியில் இரண்டு வயதுக்குக் கீழே, நார்வீஜியனில் மூன்று வயதுக்குக் கீழே டிப்ஸ் கிடையாது. கைக்குழந்தையோடு போகிறவர்கள் இதைக் கட்டாயம் கேளுங்கள்.

டிப்ஸே தனியாக வாங்காத கம்பெனிகளும் உண்டு. பிரிட்டனின் பி அண்ட் ஓ 2019 மே மாதத்திலிருந்து தினசரி டிப்ஸை எடுத்துவிட்டது. சில்வர்சீ, சீபோர்ன் போன்ற விலை உயர்ந்த கப்பல்களில் டிக்கெட்டிலேயே எல்லாம் அடக்கம். ஆகவே இரண்டு கம்பெனிகளின் விலையை ஒப்பிடும்போது டிப்ஸைக் கூட்டிய பிறகு ஒப்பிடுங்கள்.

2. இன்வாய்ஸில் இந்த வரியைத் தேடுங்கள்

நம்மில் பலர் ஊரிலுள்ள ஏஜென்ட் மூலமாகத்தான் புக் செய்கிறோம். ஏஜென்ட் "எல்லாம் சேர்த்து" என்று சொல்வார். அந்த 'எல்லாம்' என்பதில் துறைமுக வரி இருக்கும், டிப்ஸ் பெரும்பாலும் இருக்காது. கம்பெனி தரும் அசல் இன்வாய்ஸின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். ஏஜென்ட் தன் லெட்டர்ஹெட்டில் அடித்துத் தருவது போதாது.

அதில் 'பிரீபெய்ட் கிராஜுட்டி' என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்து, எதிரே தொகையும் இருந்தால் டிப்ஸ் கட்டியாகிவிட்டது. வரி இல்லை, அல்லது எதிரே பூஜ்யம் என்றால் கப்பலில் ஏறிய பிறகு கட்ட வேண்டியிருக்கும். நம் ஊரில் கிராஜுட்டி என்றால் ஓய்வு பெறும்போது வரும் பணிக்கொடை. அதனால் என் மனைவி அந்த வார்த்தையைப் பார்த்துவிட்டு நமக்குச் சம்பந்தமில்லாத ஏதோ என்று தாண்டிப் போய்விட்டாள். இங்கே அதற்கு டிப்ஸ் என்று அர்த்தம். கம்பெனிக்குக் கம்பெனி பெயரும் மாறும்: நார்வீஜியனில் 'சர்வீஸ் சார்ஜ்', எம்எஸ்சியில் 'ஹோட்டல் சர்வீஸ் சார்ஜ்', பிரின்சஸில் 'குரூ அப்ரிசியேஷன்'. பெயர் எதுவானாலும் விஷயம் ஒன்றுதான்.

3. முன்கூட்டியே கட்டிவிடுங்கள்

என் யோசனை, ஊரிலிருந்து கிளம்பும் முன்பே டிப்ஸைக் கட்டிவிடுவது. கப்பலில் வரும் பில் பாதியாகக் குறையும், மனமும் லேசாக இருக்கும். கட்டிய பிறகு கம்பெனி தொகையை ஏற்றினாலும் நீங்கள் பழைய தொகையிலேயே போகலாம். ராயல் கரீபியனில் கப்பல் கிளம்ப 48 மணி நேரம் இருக்கும்வரை கட்டலாம். ஏஜென்ட் மூலம் என்றால் ஒரு வாரம் முன்பே சொல்லிவிடுங்கள், ஞாயிற்றுக்கிழமை அவர் போனை எடுக்காமல் போகலாம்.

ஏஜென்டிடம் ரூபாயில் கட்டும்போது டாலருக்கு என்ன விலை போடுகிறார் என்று கேளுங்கள். அன்றைய விலையைவிட இரண்டு மூன்று ரூபாய் ஏற்றிப் போட்டால், கப்பலிலேயே கார்டில் கட்டுவதோடு ஒப்பிட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள். கட்டிய பிறகு புதிய இன்வாய்ஸ் வரும். அதைப் போனிலும் வைத்துக்கொள்ளுங்கள், ஒரு பிரதி அச்சிட்டும் எடுத்துப் போங்கள். முன்கூட்டிக் கட்டிய பிறகும் கப்பலில் தினசரி டிப்ஸ் ஏறுகிறது என்றால் கவுன்ட்டரில் காட்ட அதுதான் கைவசம் இருக்கும் அத்தாட்சி.

4. எந்தக் கார்டைக் கொடுப்பது

கப்பலுக்குள் காசு புழங்காது. ஏறும்போது ஒரு அட்டை தருவார்கள் (ராயல் கரீபியனில் அதன் பெயர் சீபாஸ்). கேபின் சாவி, அடையாள அட்டை, கடன் கணக்கு மூன்றும் அதுதான். செக்-இன் செய்யும்போது உங்கள் வங்கிக் கார்டை அந்தக் கணக்கோடு இணைக்க வேண்டும்.

கிரெடிட் கார்டை இணையுங்கள், டெபிட் கார்டை அல்ல. கப்பல்காரர்கள் செலவுக்கு முன்பே ஒரு தொகையைக் கார்டில் பிடித்து நிறுத்துவார்கள். கிரெடிட் கார்டில் அது லிமிட்டை மட்டும்தான் குறைக்கும். டெபிட் கார்டில் உங்கள் சொந்தப் பணமே முடங்கும். இரண்டாவது கேபினுக்கு அம்மாவின் பென்ஷன் கணக்கு டெபிட் கார்டைக் கொடுத்தோம். ஊருக்கு வந்து பத்து நாள் கழித்துத்தான் அந்தப் பணம் விடுபட்டது. அதுவரை அம்மா மருந்துக்கு என்னிடம் கேட்க வேண்டியிருந்தது, அது அவர்களுக்குப் பிடிக்காது. இரண்டு கேபினையும் ஒரே கிரெடிட் கார்டில் இணைக்க முடியும் என்று பிறகுதான் தெரிந்தது. செக்-இன் கவுன்ட்டரில் கேட்டால் செய்துகொடுப்பார்கள்.

கிளம்பும் முன் வங்கி ஆப்பில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை ஆன் செய்யுங்கள். ஆன்லைனுக்கு ஒரு பொத்தான், கடையில் தேய்ப்பதற்கு இன்னொன்று இருக்கும், இரண்டையும் பாருங்கள். நம் கார்டுகள் பலவற்றில் வெளிநாட்டுச் செலவுக்கு 3.5 சதவீதம் மார்க்கப் (வங்கி சேர்க்கும் கூடுதல் கட்டணம்), அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. மொத்தம் 4.13 சதவீதம் ஆகிறது. 370 டாலருக்கு 15 டாலருக்கு மேல் அதிலேயே போய்விடும். மார்க்கப் குறைவான கார்டு வீட்டில் யாரிடமாவது இருந்தால் அதை எடுத்துப் போங்கள். எங்கேயாவது "ரூபாயிலேயே கணக்கிடட்டுமா?" என்று திரை கேட்டால் வேண்டாம் என்று கொடுங்கள். அந்த மாற்று விலை அநேகமாக உங்கள் வங்கி தருவதைவிட மோசமாக இருக்கும்.

5. ரூம் சர்வீஸ்: எது இலவசம், எதற்குக் காசு

எங்கள் பணம் அதிகம் போன இடம் இதுதான்.

ராயல் கரீபியனில் ரூம் சர்வீஸ் சாப்பாட்டுக்கு விலை கிடையாது, கொண்டுவந்து தருவதற்குத்தான் கட்டணம். ஒரு ஆர்டருக்கு 7.95 டாலர், அதன்மேல் 18 சதவீதம் டிப்ஸ். மொத்தம் 9.38 டாலர். ஒரு சாண்ட்விச் கேபினுக்கு வந்து சேர ஏறக்குறைய 844 ரூபாய். சூட் எடுத்தவர்கள் இந்தக் கட்டணம் தங்களுக்கு உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். நார்வீஜியனில் ஆர்டருக்கு 9.95 டாலர். கார்னிவலில் முறை வேறு: காலை கான்டினென்டல் உணவு (பிரெட், பழம், காபி போன்றவை) இலவசம், மற்றபடி ஒவ்வொரு பண்டத்துக்கும் மெனுவில் விலை போட்டிருக்கும். டிஸ்னி, குனார்ட் கப்பல்களில் ரூம் சர்வீஸ் சாப்பாடு பொதுவாக இலவசம், கொண்டுவருகிறவருக்கு நீங்களாக ஏதாவது கொடுத்தால் போதும்.

கட்டணம் ஆர்டருக்குத்தான், தட்டுக்கு அல்ல என்பதைக் கவனியுங்கள். எட்டு மணிக்குப் பையனுக்கு ஒரு பீட்சா, எட்டரைக்குப் பெண்ணுக்கு ஒரு சூப் என்று இரண்டு முறை போன் செய்தால் இரண்டு கட்டணம். எல்லோரையும் கேட்டு ஒரே ஆர்டராகச் சொன்னால் ஒரே கட்டணம். இரண்டு கேபின் எடுத்திருந்தாலும் ஒரு கேபினில் கூடி உட்கார்ந்து ஒரே ஆர்டர் போடுங்கள்.

அடுத்தது காலை உணவு அட்டை. இரவு படுக்கப் போகும் முன் கேபின் கதவின் வெளிக் கைப்பிடியில் ஒரு நீள அட்டையை மாட்டிவைப்போம். என்ன வேண்டும், எத்தனை மணிக்கு என்று பேனாவால் டிக் செய்ய வேண்டும். அட்டையின் மேல்பாதியில் பிரெட், குருவாசான், ஜாம், பழம், தயிர், சீரியல், ஜூஸ், காபி, டீ. அதுதான் கான்டினென்டல், அது இலவசம். கீழ்ப்பாதியில் ஆம்லெட், உருளைக்கிழங்கு ஹாஷ் பிரவுன், சாசேஜ் போன்ற சூடான பண்டங்கள். அதில் ஒன்றே ஒன்றை டிக் செய்தாலும் முழு ஆர்டருக்கும் கட்டணம் ஏறிவிடும். என் பெண் தினமும் ஒரே ஒரு ஆம்லெட் டிக் செய்தாள். நான் படிக்காமல் கையெழுத்துப் போட்டு மாட்டினேன். மூன்று காலை, மூன்று கட்டணம். மாடியில் பஃபேயில் அதே ஆம்லெட்டை நம் கண் முன்னே வெங்காயம், பச்சை மிளகாய் போட்டு இலவசமாகச் செய்துதருகிறார்கள்.

அப்புறம் வெந்நீர். இதை நம்மவர்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். கைக்குழந்தைக்குப் பால் கலக்க, பெரியவர்கள் மாத்திரை போட, வெந்நீர் இல்லாமல் நமக்கு ஆகாது. அதற்காக எலக்ட்ரிக் கெட்டிலைப் பெட்டியில் வைத்தால் ஸ்கேனில் பிடித்து எடுத்துவைத்துவிடுவார்கள். சூடேற்றும் சாதனங்களுக்குத் தீ பயத்தால் தடை. அயர்ன் பாக்ஸுக்கும் அதே கதி. பயணம் முடிந்துதான் திரும்பக் கிடைக்கும். எங்கள் கெட்டிலும் அப்படித்தான் போனது. வேறு வழி தெரியாமல் இரவு பத்து மணிக்கு ரூம் சர்வீஸுக்குப் போன் செய்து வெந்நீரும் பாலும் கேட்டோம், அதற்கும் ஆர்டர் கட்டணம்.

இரண்டாம் நாள் எங்கள் கேபினைப் பார்த்துக்கொண்ட தம்பி அந்தத் தட்டைப் பார்த்துவிட்டார். கன்னியாகுமரிப் பக்கத்துக்காரர், முதல் நாளே அம்மாவை "அம்மா" என்றுதான் கூப்பிட்டார். "அண்ணா, வெந்நீருக்கு அங்க போன் பண்ணாதீங்க. பஃபேல மெஷின் இருக்கு, ஃபிளாஸ்க்ல பிடிச்சுக்கலாம். இல்லன்னா ஃபிளாஸ்க்கை என்கிட்ட கொடுங்க, நான் வைக்கிறேன்" என்றார். எங்களிடம் ஃபிளாஸ்க்கே இல்லை. நீங்கள் வீட்டிலிருந்து ஒரு லிட்டர் ஸ்டீல் ஃபிளாஸ்க் ஒன்று எடுத்துப் போங்கள். இந்தக் கட்டுரையிலிருந்து ஒன்றே ஒன்று நினைவில் நிற்குமென்றால் அது ஃபிளாஸ்க்காக இருக்கட்டும்.

பஃபேயிலிருந்து தட்டில் எடுத்து உங்கள் கேபினுக்குக் கொண்டுபோய்ச் சாப்பிடுவதை யாரும் தடுப்பதில்லை. முட்டி வலி உள்ள பெரியவர்களுக்கு நாங்கள் கடைசி இரண்டு நாள் அப்படித்தான் செய்தோம். சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ரூம் சர்வீஸ் மெனுவில் பெரிதாக எதுவும் இருக்காது. மெயின் டைனிங் ரூமில் முதல் இரவே சொல்லிவையுங்கள், அங்கே கவனிப்பு எவ்வளவோ மேல்.

6. 18 சதவீதம் ஏற்கெனவே சேர்ந்த இடங்கள்

ராயல் கரீபியனில் பானங்கள், மினி பார், ஸ்பா ஆகியவற்றின் பில்லில் 18 சதவீதம் தானாகவே சேரும். நார்வீஜியனில் பானத்துக்கு 20 சதவீதம். ராயல் கரீபியன் மெனுவில் 10 டாலர் என்று போட்ட மாக்டெயில் (மது இல்லாத கலவைப் பானம்) 11.80 டாலர் ஆகும். டிரிங்க்ஸ் பேக்கேஜ் வாங்கினால் விளம்பரத்தில் உள்ள நாள் விலையின் மேலும் இது ஏறும்.

பில்லை நீட்டும்போது கையெழுத்துக்கு மேலே 'கூடுதல் டிப்ஸ்' என்று ஒரு காலி இடம் இருக்கும். காலியாக இருப்பதால் நாம்தான் நிரப்ப வேண்டும் என்று தோன்றும். வேண்டியதில்லை. ஒரு கோடு கிழித்து, மொத்தத் தொகையை எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். ரூம் சர்வீஸ் ரசீதிலும் இதே காலி இடம் வரும். முதல் இரண்டு ரசீதில் நான் இரண்டிரண்டு டாலர் எழுதி, 18 சதவீதத்தின் மேல் மறுபடியும் கொடுத்திருக்கிறேன். தெரிந்து மனமாரக் கொடுப்பது வேறு, தெரியாமல் இரண்டு முறை கொடுப்பது வேறு.

7. கையில் கொடுப்பதற்கு

தினசரி டிப்ஸ் கட்டிய பிறகு கையில் கொடுப்பது முழுக்க உங்கள் விருப்பம். ரூம் சர்வீஸ் இலவசமாக உள்ள கப்பலில் தட்டு கொண்டுவருகிறவருக்கு இரண்டு மூன்று டாலர் கொடுப்பது வழக்கம். தனியாக மெனக்கெட்டு உதவிய கேபின் பணியாளருக்கோ மேசைப் பணியாளருக்கோ கடைசி இரவு ஒரு உறையில் 10, 20 டாலர் வைத்துக் கொடுக்கலாம். நன்றி என்று ஒரு வரி எழுதி வையுங்கள். இறங்கிய பின் கம்பெனியிலிருந்து ஒரு கருத்துக் கேட்பு மெயில் வரும். அதில் அவர்களின் பெயரைக் குறிப்பிடுங்கள், அவர்களுடைய வேலைக்கு அது உதவும்.

இதற்குச் சில்லறை நோட்டு வேண்டும். ஊரில் 1, 5 டாலர் நோட்டு கிடைப்பது கஷ்டம். சிங்கப்பூரில் முஸ்தபா சென்டர் பக்கமுள்ள மணி சேஞ்சர்களிடம் கேட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டால் சிங்கப்பூர் 2, 5, 10 டாலர் நோட்டும் சரிதான். சில்லறைக் காசாகக் கொடுக்காதீர்கள், அவர்களால் மாற்ற முடியாது.

8. தினசரி டிப்ஸை எடுக்கச் சொல்லலாமா?

எங்களோடு வந்த சிலர் கவுன்ட்டருக்குப் போய், வேண்டாம் என்று எடுக்கச் சொன்னார்கள். ராயல் கரீபியன், நார்வீஜியன் போன்ற பல கம்பெனிகளில் விதி இதற்கு இடம் தருகிறது. பயணம் முடிவதற்குள் கெஸ்ட் சர்வீஸ் கவுன்ட்டரில் கேட்டால் குறைப்பார்கள்.

ஆனால் தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அந்தப் பணம் கேபின் பணியாளர்களுக்கும், சாப்பாட்டு மேசைப் பணியாளர்களுக்கும், சமையல் பக்கம், சலவைப் பக்கம் என்று நம் கண்ணில் படாமல் உழைப்பவர்களுக்கும் பிரிந்து போகிறது. அவர்கள் பல மாத ஒப்பந்தத்தில் வாரம் ஏழு நாளும் வேலை செய்கிறார்கள். பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, அப்புறம் நம் கேரளா, கோவா, குமரி மாவட்டத்துப் பிள்ளைகள். எங்கள் கேபினைப் பார்த்துக்கொண்ட அந்தத் தம்பி காலை ஏழு மணிக்கும் கேபின் வாசலில் நிற்பார், இரவு பத்து மணிக்கும் நிற்பார். வெந்நீர் விஷயத்தைச் சொன்னதாலேயே எங்களுக்கு எவ்வளவோ மிச்சமானது. கம்பெனி சம்பளமாகவே கொடுத்திருக்க வேண்டிய பணத்தைப் பயணிகளிடம் தள்ளுவது எனக்கும் சரியாகப் படவில்லை. அதற்கு அவர் கூலியில் கை வைப்பது பதில் ஆகாது. கையில் காசு நெருக்கினால் ரூம் சர்வீஸைக் குறையுங்கள், மாக்டெயிலைக் குறையுங்கள்.

கவனிப்பு உண்மையிலேயே மோசமாக இருந்தால் முதல் நாளே கவுன்ட்டரில் சொல்லுங்கள். பெரும்பாலும் சரிசெய்துவிடுவார்கள்.

9. தினமும் கணக்கு, கடைசி நாள், ஊர் திரும்பிய பிறகு

கம்பெனியின் மொபைல் ஆப்பிலோ கேபின் டிவியிலோ தினமும் இரவு ஒரு முறை கணக்கைப் பாருங்கள். ரூம் சர்வீஸ் ரசீதுகளை ஒரு கவரில் போட்டுவையுங்கள். தவறு தெரிந்தால் மறுநாள் காலை கரைக்குப் போகிறவர்கள் இறங்கிய பிறகு, பத்து பதினொரு மணிவாக்கில் கவுன்ட்டருக்குப் போங்கள், கூட்டம் இருக்காது. கடைசி நாள் மாலை தள்ளிப்போட்டால் ஒரு மணி நேரம் நிற்க வேண்டும், அம்மாவோடு நான் நின்றேன். இறங்கும் நாள் அதிகாலையிலேயே கணக்கை மூடிக் கார்டில் எடுத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு திருத்துவது என்றால் மெயில் போட்டுக் காத்திருக்க வேண்டியதுதான்.

இறங்கும் முன் இறுதி பில்லை ஆப்பிலிருந்து இறக்கிவையுங்கள், கரைக்கு வந்து சில நாளில் ஆப்பில் அது மறைந்துவிடலாம். ஊருக்கு வந்ததும் கார்டு ஸ்டேட்மென்ட்டோடு ஒத்துப் பாருங்கள். பிடித்து நிறுத்திய தொகையும் உண்மையான பில்லும் சில நாட்களுக்கு ஒன்றாகத் தெரியும், பயப்பட வேண்டாம். இரண்டு வாரம் ஆகியும் நிறுத்திய தொகை விடுபடவில்லை என்றால் இறுதி பில்லை இணைத்து முதலில் வங்கிக்கு எழுதுங்கள். எங்களுக்கு வங்கிதான் விடுவித்தது. கப்பல் கம்பெனிக்கு எழுதியதற்குப் பதில் வந்தபோது பணம் வந்து நாலு நாள் ஆகியிருந்தது.